எண்பதுகளின் தமிழ்த் திகில் படங்களில் கொலைகாரன் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் எண்பதுகளின் தமிழ்த் திரைப்படங்களைப் பற்றி வந்துகொண்டிருக்கும் தொடரை விடாமல் படித்துவரும் வாசகர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பத்தாண்டில் ஹாலிவுட்டில் தழைத்த, நியோ நுவார் என்று விமர்சகர்கள் வகைப்படுத்தும் இருண்ட உளவியல் திகில் படங்களையும், அவற்றின் சாயலில் தமிழில் வந்தவற்றையும் கடந்த வாரக் கட்டுரை எடுத்துப் பேசியது. 'மூடுபனி' தொடங்கி 'நூறாவது நாள்' வரை எல்லாமே மேல்நாட்டுப் படங்களின் நகல்கள்தாம் என்று அது முடித்திருந்தது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கடன் வாங்கினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், பெரிய கடைத்தெரு முழுவதும் சரக்கு குவிந்து கிடக்க, நம்மவர்கள் எந்தக் கடைக்குள் நுழைந்து எதைத் தேடி எடுத்து வந்தார்கள் என்பதைக் கட்டுரையாளர் கேட்கவே இல்லை. அதைக் கேட்டுப் பார்த்தால் இந்தப் படங்களின் கதையே வேறாகத் தெரிகிறது.

முதலில் ஒரு சிறு திருத்தம். கட்டுரையில் எண்பதுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கும் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த படம். பின்னால் வந்தவற்றுக்கு அது வழிகாட்டி என்பதால் பட்டியலில் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கும் முந்தைய ஆண்டு வந்த 'காயத்ரி' விடுபட்டதுதான் வருத்தம். சுஜாதாவின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட அப்படத்தில், ரஜினிகாந்த் தன் மனைவிக்கே தெரியாமல் அவளைப் படம்பிடித்து விற்கும் கணவனாக நடித்தார். நான் சொல்லவரும் பாதை அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நகல் என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-இல் வந்தது. அதன் நிழல் விழாத உளவியல் திகில் படம் உலகில் எந்த மொழியிலும் அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை என்றே சொல்லலாம். 1980-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் பிரையன் டி பால்மாவின் 'டிரெஸ்ட் டு கில்' வெளிவந்தது. பார்வையாளர்கள் கதாநாயகி என்று நம்பிய பெண்ணைப் படத்தின் முற்பகுதியிலேயே கொன்றுவிடும் துணிச்சலை அது 'சைக்கோ'விடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில், தீபாவளியை ஒட்டி, பாலு மகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. அதுவும் ஹிட்ச்காக்கிற்குக் கடன்பட்ட படம். ஒரே ஆண்டில், ஒரே மூலத்தை நோக்கிக் கைநீட்டிய இருவரில் ஒருவரை மேதையின் வாரிசு என்றும் மற்றவரை நகலெடுப்பவர் என்றும் எழுதுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் 'மூடுபனி'க்கு ராஜேந்திரகுமாரின் தமிழ் நாவல் ஒன்றும் அடிப்படையாக இருந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அமெரிக்க நியோ நுவார் படங்கள் எதைக் கண்டு அஞ்சின என்று பார்த்தால், பெரும்பாலும் பெண்ணைக் கண்டு அஞ்சின என்றுதான் சொல்ல வேண்டும். 1981-இல் வந்த லாரன்ஸ் காஸ்டனின் 'பாடி ஹீட்' படத்தில், புளோரிடாவின் புழுக்கத்தில் தடுமாறும் ஒரு வழக்கறிஞரை அழகிய பெண்ணொருத்தி மயக்கித் தன் கணவனைக் கொல்ல வைக்கிறாள். கேத்லீன் டர்னருக்கு அதுதான் முதல் படம். பார்வையாளருக்குப் பழக்கமில்லாத முகம் என்பதே அந்தப் பாத்திரத்தின் மர்மத்தைக் கூட்டியது. அதே ஆண்டில் மறுபடியும் எடுக்கப்பட்ட 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் டுவைஸ்' படத்திலும் மனைவியும் அவளுடைய காதலனும் சேர்ந்து கணவனைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். 1987-இல் வந்த 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்திலோ, ஒரு வார இறுதியில் தவறு செய்த ஆணின் குடும்பம் முழுவதையும் ஒருத்தி விரட்டி விரட்டிப் பயமுறுத்துகிறாள். முதலில் எடுக்கப்பட்ட முடிவு முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்குப் பிடிக்காததால், அவளை அந்த மனைவியின் கையாலேயே சுட்டுக் கொல்லும் முடிவைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். தண்டிக்கப்பட வேண்டியவள் அவள்தான் என்று அங்கே அரங்கமே தீர்ப்பளித்தது. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. கோயன் சகோதரர்களின் முதல் படமான 'பிளட் சிம்பிள்' 1984-இல் வந்தது. அதில் மனைவியைக் கொல்லக் கூலிக்கு ஆள் வைப்பவன் கணவன். அடுத்த ஆண்டு வந்த 'ஜாக்ட் எட்ஜ்' படத்திலும் செல்வந்த மனைவியைக் கொன்றதாகக் கணவன்மீதே வழக்கு நடக்கிறது. இருந்தாலும் அங்கே பெருவழக்கு, ஆணைக் கவிழ்க்கும் பெண்தான்.

இப்போது நம் பக்கம் வருவோம். 1981-இல் கே. பாக்யராஜ் 'விடியும் வரை காத்திரு' எடுத்தார். மனைவியின் சொத்துக்காக அவளைக் கொல்லத் திட்டமிடும் கணவன் கதை அது. அந்தக் கணவனாக அவரே நடித்தார். அதே ஆண்டில் 'மௌன கீதங்கள்', 'இன்று போய் நாளை வா', 'அந்த ஏழு நாட்கள்' ஆகிய படங்களில் தமிழ்நாட்டையும் மலேசியத் தோட்டப்புறங்களையும் சிரிக்கவும் கண்கலங்கவும் வைத்த மனிதர் அவர். அப்பாவி முகம், தடுமாறும் பேச்சு, பக்கத்து வீட்டுப் பையனின் தோரணை ஆகிய எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு கொலைத் திட்டத்தைப் பொருத்திவிட்டார். மூன்றாண்டுகள் கழித்து மணிவண்ணன் 'நூறாவது நாள்' எடுத்தபோது, மனைவிக்குத் தெரியாத கொடூரத்தைச் சுமக்கும் கணவன் பாத்திரத்தை மோகனுக்குக் கொடுத்தார். 'பயணங்கள் முடிவதில்லை' படத்திலிருந்து, கையில் மைக்குடன் பாடும் மென்மையான காதலனாகவே மக்கள் அறிந்திருந்த நடிகர் அவர். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியும் சிவப்பு அங்கியுமாக வரும் சத்யராஜைத்தான் எல்லாரும் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். போஸ்டருக்கு அந்தத் தோற்றம் போதும். படம் பயமுறுத்துவது மோகனின் முகத்தால்தான். 'பாடி ஹீட்' புதுமுகத்தை வைத்துச் செய்த காரியத்தை இவர்கள் நம்பிப் பழகிய முகத்தை வைத்துச் செய்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் கடினமான கலையாகத் தோன்றுகிறது.

'நூறாவது நாள்' கதை லூச்சியோ ஃபுல்சி என்ற இத்தாலிய இயக்குநர் 1977-இல் எடுத்த படத்திலிருந்து வந்தது என்பது உண்மை. வரப்போவதை முன்கூட்டியே காட்சியாகக் காணும் மனைவி, கணவன் வீட்டுச் சுவருக்குள் கிடைக்கும் எலும்புக்கூடு ஆகிய இரண்டும் அங்கே இருக்கின்றன. அதற்கடுத்த ஆண்டு சத்யராஜும் சரிதாவும் நடித்து வந்த 'சாவி', 1954-இல் ஹிட்ச்காக் எடுத்த 'டயல் எம் ஃபார் மர்டர்' படத்தின் வழி வந்தது. கட்டுரையாளர் இவற்றைச் சுட்டிக்காட்டியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் ஹிட்ச்காக் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். இத்தாலியில் எழுபதுகளில் வந்த திகில் படங்களோ எண்ணிக்கையில் மிக அதிகம். அத்தனைக்கும் நடுவில் தமிழ்க்காரர்கள் தேடிப்பிடித்த இரண்டுமே கணவனிடம் அகப்பட்ட மனைவியின் கதைகள். அதே சமயத்தில் உலகமே பேசிக்கொண்டிருந்த, ஆணைக் கொலைக்குத் தூண்டும் மோகினியின் கதையை ஏன் அவர்கள் பெரிய அளவில் எடுத்துவரவில்லை? இங்கே அந்தக் கதைக்கு யாரும் பயந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் பதில்.

எழுபதுகளின் இறுதியிலிருந்து இந்தியாவில் வரதட்சணைக்காகப் புகுந்த வீட்டில் எரிக்கப்பட்ட பெண்களைப் பற்றிய செய்திகளும், அவற்றுக்கு எதிரான பெண்கள் அமைப்புகளின் போராட்டங்களும் பெருகின. கணவனும் அவனைச் சேர்ந்தவர்களும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள், வரதட்சணைக் கொடுமையைத் தொடர்ந்து இயற்கைக்கு மாறாக நிகழும் மரணத்தைத் தனிக் குற்றமாக்கும் 304பி பிரிவு 1986-இல் வந்தது. 'விடியும் வரை காத்திரு', 'நூறாவது நாள்', 'சாவி' ஆகிய மூன்றும் வந்த 1981-க்கும் 1985-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சட்டப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடாளுமன்றம் சட்டமாக எழுதிக்கொண்டிருந்ததைத்தான் வணிக சினிமா, தனக்கே முழுதாகத் தெரியாமல்கூட, இரவுக் காட்சிக்கு ஏற்ற பயமாக மாற்றிக்கொண்டிருந்தது. மாலை நாளேடுகளில் மூன்றாம் பக்கத்துச் செய்தியாக வந்துபோன ஒன்றுக்கு இந்தப் படங்கள் ஒரு வீட்டையும் மாடிப்படியையும் சிரித்த முகத்தையும் கொடுத்தன.

அவை நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அதே வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். எண்பதுகளில் தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவது குறைந்து வீடியோ நுழைந்தது. லயம் என்னும் தொழிலாளர் வீட்டு வரிசையில் யாராவது ஒருவர் வீட்டில் தொலைக்காட்சி இருந்தால் போதும். பட்டணத்து வீடியோ கடையிலிருந்து நாடாக்கள் வந்துவிடும். முன்னறையில் பிள்ளைகள், அஞ்சடித் தாழ்வாரத்தில் ஆண்கள், அடுப்படி வாசலில் நின்றபடியே பெண்கள் என்று ஒரு வீடு கொட்டகையாகிவிடும். இந்தக் கணவன் படங்களை மனைவிமார்கள் தங்கள் கணவர்களோடு ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்தார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. பால்மரம் வெட்டிப் பிழைத்த அந்தப் பெண்களிடம் கொலை செய்து அபகரிக்கும் அளவுக்குச் சொத்து ஏதும் இருக்கவில்லை. தாலிக்கொடியும் சீட்டுப் பணமும்தான் இருந்தன, அவையும் எல்லாரிடமும் இல்லை. ஆனாலும் மறுநாள் வெட்டுக்காட்டில் நிரைக்கு நிரை அவர்கள் பேசிக்கொண்டது அந்தக் கணவனைப் பற்றித்தான். அவன் எந்த இடத்தில் பொய் சொன்னான், அவள் எப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டும், தாய்வீட்டுக்கு ஏன் போகவில்லை என்பனவற்றையெல்லாம் அலசினார்கள்.

அந்தப் பேச்சுக்கு இங்கேயும் ஒரு பின்னணி உண்டு. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976-இல் நிறைவேறினாலும், 1982 மார்ச் முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகுதான் ஒருவனுக்கு ஒருத்தி என்பது சட்டப்படி கட்டாயமாயிற்று. பதிவும் கட்டாயமாயிற்று. அதுவரை கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுபோன திருமணங்கள் ஏராளம். கணவன் இன்னொரு தோட்டத்தில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தாலும் கேட்க இடமில்லாத நிலையில் பெண்கள் இருந்தார்கள். குடும்ப வன்முறைச் சட்டமோ 1994-இல்தான் இயற்றப்பட்டது. ஆகவே, நம்பிச் சேர்ந்த மனிதன் உண்மையில் யார் என்று தெரியாமல் ஒரே வீட்டில் வாழ்வது சென்னைப் பணக்கார வீடுகளுக்கு மட்டும் உரிய பயமாக இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படங்களின் கொடூரம் பெரும்பாலும் ஊருக்கு ஒதுங்கிய ஒரு பெரிய பங்களாவில்தான் நடக்கும். நகரத்து விமர்சகர்கள் அதைப் பழைய திகில் கதைகளின் தேய்ந்த உத்தி என்று தள்ளிவிடுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அப்படித் தள்ள முடியாது. மேட்டின் மேல் புல்வெளியும் பூச்செடியுமாக நிற்கும் துரை பங்களா எங்கள் கண்ணெதிரில் இருந்தது. அழைத்தாலன்றி அங்கே போகக்கூடாது, போனாலும் பின்வாசல்தான். அங்கே என்ன நடந்தாலும் லயத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. வெள்ளைக்காரத் துரைகள் போய் நம்நாட்டு மேலாளர்கள் வந்த பிறகும் அந்தத் தூரம் குறைந்துவிடவில்லை. 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் ஸ்ரீதேவி அந்தத் தோட்டத்து வீட்டுக்குள் கால் வைக்கும்போது எங்கள் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டது வெறும் சினிமாப் பழக்கத்தால் அல்ல.

அந்தப் படத்தைப் பற்றியும் 'மூடுபனி'யைப் பற்றியும் நான் சொல்லப்போவது பலருக்குக் கசக்கும். தொழில்நேர்த்தியில் இவ்விரண்டும் பாக்யராஜ், மணிவண்ணன் படங்களைவிடப் பல படி உயர்ந்தவை. பி.எஸ். நிவாஸின் ஒளிப்பதிவு இல்லாமல் 'சிகப்பு ரோஜாக்கள்' இல்லை. பாலு மகேந்திரா தம் படத்துக்குத் தாமே ஒளிப்பதிவாளர். ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தையே நம்பி, முகத்தின் ஒரு பாதியை இருட்டில் விட்டுவிடும் துணிவு அவரிடம் இருந்தது. இளையராஜாவுக்கு அது 100-ஆவது படம். பாடல்களைக் குறைத்துக்கொண்டு, பின்னணி இசையில் நிசப்தத்துக்கு அவர் கொடுத்த இடத்தை இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண விருந்துகளில் மேடைப் பாடகர்கள் தவறாமல் பாடும் 'என் இனிய பொன் நிலாவே', அந்தப் படத்தில் கடத்திக்கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் முன்னால் கொலைகாரன் கிதார் மீட்டிப் பாடுவது என்பதை மணமக்களுக்கு யாரும் சொல்வதில்லை. நல்லதுதான். அந்தப் பெண்ணாக நடித்த ஷோபா, படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்பதால் அதைப் பார்ப்பதே ஒரு துயரம்.

இவ்வளவு நேர்த்தியான படங்கள் தங்கள் கொலைகாரர்களுக்கு என்ன காரணம் கற்பிக்கின்றன என்பதுதான் சிக்கல். 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் கமல்ஹாசன் நடித்த திலீப், சிறுவனாக இருந்தபோது ஒரு பெண்ணின் பொய்ப்பழியால் துரத்தப்பட்டவன். பிறகு அவனை எடுத்து வளர்த்தவரின் மனைவியும் கணவனுக்குத் துரோகம் செய்கிறாள். ஆகவே அவன் பெண்களைக் கொல்கிறான். 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் நடித்த சந்துரு, ஒரு விலைமகளால் தன் தாய் பட்ட துன்பத்தைக் கண்டு வளர்ந்தவன். ஆகவே அவன் விலைமகளிரைக் கொல்கிறான். அந்த வீட்டில் தாயை வதைத்தவர் தந்தைதானே? அவர் செய்த குற்றத்துக்கு மகனின் கத்தி ஏன் தந்தையைப் போன்ற ஓர் ஆணின் பக்கம்கூடத் திரும்பவில்லை? இந்தக் கேள்வியைப் படம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அதற்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை. சந்துருவின் மனத்தில் அந்தக் குழப்பம் இருப்பது நோய். அதையே படமும் தன் நியாயமாக எடுத்துக்கொள்வதுதான் குறை. எங்கோ ஒரு கெட்ட பெண் இருந்தாள், அதனால் இவன் இப்படி ஆனான் என்ற பின்கதை ஓடி முடிந்ததும், அரங்கத்தின் இரக்கம் புதைக்கப்பட்ட பெண்களை விட்டுவிட்டுப் புதைத்தவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 'டிரெஸ்ட் டு கில்' வந்தபோது அமெரிக்காவில் பெண்கள் அமைப்புகள் அரங்குகளுக்கு வெளியே நின்று எதிர்ப்புத் தெரிவித்தன. நாமோ இந்த இரண்டையும் கேள்வியின்றிக் கொண்டாடிவிட்டோம்.

'விடியும் வரை காத்திரு' படத்தின் கணவனுக்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது. அவன் மனநோயாளி அல்லன், யாரும் அவனை ஏமாற்றவில்லை. அவனுக்குப் பணம் வேண்டும், மனைவி இறந்தால் பணம் வரும், அவ்வளவே. பாலு மகேந்திராவின் சட்டகங்களில் ஒன்றுக்குக்கூட ஈடாகாத சாதாரண ஒளிப்பதிவில், நகைச்சுவைத் துணுக்குகளையும் இடையிடையே செருகிக்கொண்டு ஓடும் அந்தப் படம், மனித மனத்தைப் பற்றிச் சொல்வதில் மற்ற இரண்டையும்விட நேர்மையானது. பைத்தியம் பிடித்தவன்தான் பெண்ணைக் கொல்வான் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். நிதானமாகக் கணக்குப் போட்டு, மருந்து வாங்கிக் கொடுத்து, மாமனாரிடம் மரியாதையாகப் பேசி, அதன் பிறகு கொல்பவனை நீதிமன்றச் செய்திகளில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். உளவியல் படம் என்ற பெயருக்கு எனக்கு இதுவே கூடுதல் தகுதியுடையதாகப் படுகிறது. விமர்சகர்கள் இதைப் பாக்யராஜின் படங்களில் ஒரு விதிவிலக்கு என்று ஓரிரு சொற்களில் கடந்துவிடுவது எனக்குப் புரியவே இல்லை.

கொலைகாரனுக்குக் காரணம் காட்டுவதா, காட்டாமல் விடுவதா என்ற இந்தக் கேள்விக்கு அந்தப் பத்தாண்டில் தென்னிந்தியாவில் மிகச் சிறந்த பதில் மலையாளத்திலிருந்துதான் வந்தது. கே.ஜி. ஜார்ஜ் 1985-இல் எடுத்த 'இரகள்' படத்தைத் தங்கள் தொடர் குறிப்பிடாதது, அது தமிழ்ப் படங்களைப் பற்றியது என்பதால் இருக்கலாம். என்றாலும் மலேசியத் தமிழர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் அது. ஏனெனில் அது ரப்பர்த் தோட்ட முதலாளி ஒருவரின் வீட்டில் நடக்கிறது. திலகன் நடித்த அந்தத் தந்தை, ரப்பரால் பணமும் பணத்தால் அதிகாரமும் சேர்த்தவர். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் சீரழிந்தவர்கள். கல்லூரியில் படிக்கும் கடைசி மகன் கழுத்தை நெரித்துக் கொல்லத் தொடங்குகிறான். அவனாக நடித்த கணேஷ் குமாருக்கு அது முதல் படம். சிறுவயதில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைக் காட்டி, இதனால்தான் என்று ஜார்ஜ் கணக்கை முடித்துவிடுவதில்லை. தந்தை மிரட்டிச் சேர்த்த செல்வம், அண்ணன்மார் செய்தும் தண்டிக்கப்படாத குற்றங்கள், எதையும் காசால் மூடிவிடலாம் என்று அந்த வீட்டில் எல்லாரும் வைத்திருக்கும் நம்பிக்கை ஆகியவை சாப்பாட்டு மேசையிலும் வராந்தாவிலும் சாதாரணப் பேச்சாகக் கொட்டிக் கிடக்கின்றன. பையன் அவற்றைப் பார்த்து வளர்கிறான். வேணுவின் ஒளிப்பதிவில் அந்த வரிசை வரிசையான ரப்பர் மரங்களைக் காணும்போது, அதே மரங்களை வெட்டிய நாம் இதுபோன்ற வீட்டைக் கீழேயிருந்து மட்டுமே பார்த்திருக்கிறோம், மேசையருகே அமர்ந்து பார்த்ததில்லை என்பது உறைக்கிறது.

மற்றப் படங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல இடமில்லை. பாரதிராஜாவின் 'டிக் டிக் டிக்' (1981) அழகிகளின் உடலுக்குள் வைரம் மறைத்துக் கடத்தும் கதை. விறுவிறுப்பு உண்டு, உளவியல் கிடையாது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்து 1986 ஆகஸ்டில் வெளியிட்ட 'ஊமை விழிகள்' பற்றிக் கட்டுரையாளர் சலிப்போடு எழுதியிருக்கிறார். அவர் எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று அறிய ஆவல். அது சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்ட படம். அத்தகைய அகலமான சட்டகத்தைப் பழைய தொலைக்காட்சித் திரைக்கு ஏற்ப வெட்டும்போது 100-க்கு ஏறத்தாழ 43 பங்கு படம் காணாமல் போகிறது. வெட்டவெளியில் தொலைவிலிருந்து வரும் குதிரை வண்டியும் அதைப் பார்த்து நிற்பவளும் ஒரே சட்டகத்தில் இருந்தால்தான் பயம் வரும். இருவரில் ஒருவர் வெட்டுப்பட்டுப் போனால் சலிப்புத்தான் மிஞ்சும். 'மூடுபனி'யின் நிலை இன்னும் மோசம். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்த பிரதிகளில் பாலு மகேந்திராவின் அரையிருட்டு முழு இருட்டாகிவிட்டது. இணையத்தில் இன்று கிடைப்பவற்றில் பலவும் அந்த நாடாக்களின் வழி வந்தவையாகவே தெரிகின்றன. நெகட்டிவ் எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று உரிமையாளர்களைக் கேட்டு எழுதக்கூடிய வாய்ப்பு ஒரு நாளிதழுக்கு உண்டு. என்னைப் போன்ற தனி வாசகர்களுக்கு இல்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரில் இதுவரை கருத்துச் சொன்னவர்கள் அனைவரும் ஆண்கள். கணவனையே கொலைகாரனாகக் காட்டிய இந்தப் படங்களை வீடியோ நாடாவில் பார்த்த பெண்கள் இன்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் பகாவிலும் தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்களைத் தங்கள் நிருபர்கள் சந்தித்து, எந்தப் படம் அவர்களைப் பயமுறுத்தியது, ஏன் பயமுறுத்தியது என்று கேட்டு ஒரு வாரம் வெளியிட வேண்டும். எங்கள் வட்டாரத்தில் பேசத் தயாராக இருப்பவர்களை அறிமுகப்படுத்த நான் உடன்படுகிறேன். 'சிகப்பு ரோஜாக்கள்' வெளிவந்த ஆண்டைப் பற்றிய திருத்தத்தையும் அடுத்த ஞாயிறு பதிப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.